குருவிக்குப் பட்டினி, கம்பெனிக்கு லாபம்!

“குருவி செத்தால் கூலிக்காரனுக்கு என்ன?” என்று நம்மைச் சிலர் கேட்கிறார்கள். “நிலப் பிரச்னை இருக்கிறது. கூலிப் பிரச்னை இருக்கிறது. ஆலையில் ஆட்குறைப்பு இருக்கிறது. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு, உழைப்பாளிகளின் பத்திரிகை கரிக்குருவிக்கும் மைனாவுக்கும் ஒப்பாரி வைக்க வேண்டுமா?” என்று கிண்டலும் செய்கிறார்கள்.

வைக்கத்தான் வேண்டும் என்கிறோம் நாம். காரணம் சிக்கலானதல்ல. வயலில் தெளிப்பானை முதுகில் சுமந்து போகிறவன் மிராசுதார் அல்ல, கம்பெனி டைரக்டரும் அல்ல, விவசாயத் தொழிலாளி. தெளித்த சரக்கு முதலில் விழுவது பூச்சியின் மேல். அடுத்து அந்தப் பூச்சியைத் தின்னும் குருவியின் மேல். அதற்கடுத்து அவன் மேலேயே. குருவிக்கு நேர்வது நாளைக்கு அவனுக்கு நேரப் போவதன் முன்னறிவிப்பு. அதைக் கவனிக்காதே என்று சொல்கிறவன் யாருடைய நன்மைக்காகச் சொல்கிறான் என்று யோசியுங்கள், தோழர்களே!

திருத்தணி வட்டாரத்துக் கிராமங்களில் கரும்புத் தோட்டத்திலும், வேர்க்கடலைக் கொல்லையிலும், நெல் வயலிலும் வேலை செய்கிறவர்களோடு நமக்குத் தினமும் பழக்கம். அங்கெல்லாம் இப்போது புதுப் பிரசாரம் ஒன்று கிளம்பியிருக்கிறது. “இது ரசாயனம் இல்லை, உயிரி மருந்து. மனிதனுக்கு ஒன்றும் ஆகாது. மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. குருவிக்கும் ஒன்றும் ஆகாது. கையுறை எதற்கு, முகமூடி எதற்கு? தைரியமாக அடியுங்கள்” என்கிறார்கள் ஏஜெண்டுகள். டப்பா மேல் பச்சை இலை படம். பக்கத்தில் ஒரு குருவி படம்கூட இருக்கும்!

இந்தப் பிரசாரத்தைத்தான் நாம் இங்கே பரிசீலிக்கப் போகிறோம். கேள்விகள் மூன்று. டப்பாவில் இருப்பது உண்மையாகவே உயிரிதானா? உயிரியாகவே இருந்தாலும் குருவிக்குக் கெடுதலே கிடையாதா? இதைத் தயாரிக்கும் அதிகாரமும் தெளிக்கச் சொல்லும் அதிகாரமும் யார் கையில் இருக்கின்றன?

பழைய கணக்கு

முதலில் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டுவோம். பயிருக்கு அடிக்கும் விஷத்துக்கு நம் நாட்டில் “மருந்து” என்று பெயர். நோயாளிக்குக் கொடுப்பதும் மருந்து. பூச்சியைக் கொல்வதும் மருந்து! இந்தப் பெயரே வியாபாரிக்குப் பாதி லாபம். மருந்து என்றால் யார் பயப்படுவார்கள்?

அந்த மருந்தின் லட்சணம் என்ன? 1958-ல் கப்பலில் உணவுப் பொருளோடு சேர்த்து ஏற்றிய ஃபாலிடால் விஷம் கசிந்து, கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகு விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1968-ல், பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு கம்பெனியின் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து விஷவாயு வெளியேறி ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்களை இரவோடிரவாகக் கொன்றது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

கேரளத்துக் காசர்கோடு கதை இன்னும் கொடுமை. சர்க்காருக்குச் சொந்தமான தோட்டக் கார்ப்பரேஷனின் முந்திரித் தோப்புகளில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளித்தார்கள். கீழே குடிசை இருக்கிறதா, கிணறு இருக்கிறதா என்று மேலே பறக்கிறவனுக்கு என்ன கவலை? கன்றுக்குட்டி ஊனமாகப் பிறக்கிறது, தேனீ காணாமல் போகிறது என்று ஊர் ஜனங்கள் ஆரம்பத்திலேயே சொன்னார்கள். காது கொடுத்துக் கேட்க ஆளில்லை. பிறகு குழந்தைகளே ஊனமாகப் பிறந்தார்கள். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011 மே 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட் எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அதே கோர்ட் உத்தரவிட்டது 2017 ஜனவரியில். தேனீ சொன்னபோதே கேட்டிருந்தால், கன்று சொன்னபோதே கேட்டிருந்தால், எத்தனை குழந்தைகள் தப்பியிருக்கும்!

குருவியையும் பூச்சியையும் கவனிப்பது பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அமெரிக்காவில் ரேச்சல் கார்சன் என்ற பெண் விஞ்ஞானி 1962-ல் ‘மௌன வசந்தம்’ என்ற புத்தகம் எழுதினார். டி.டி.டி. முதலிய விஷங்களால் பாடும் பறவைகள் கூட்டம் கூட்டமாக மடிகின்றன என்று அதில் ஆதாரத்தோடு எழுதினார். உடனே கம்பெனிக்காரர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். அவருக்குக் கம்யூனிஸ்டு அனுதாபம் என்றுகூட அங்கே எழுதினார்கள்! குருவி செத்ததைச் சொன்னால் கம்யூனிஸ்டாம். அப்படியானால் அந்தப் பட்டத்தை நாம் சந்தோஷமாகவே ஏற்றுக்கொள்வோம்.

வள்ளி ஓட்டினாள், கொல்லவில்லை

தணிகை மலைப்படி ஏறும் எல்லோருக்கும் வள்ளியின் கதை தெரியும். தினைப்புனத்தில் பரண்மேல் நின்று, கவண் சுழற்றி, ஆலோலம் சொல்லிக் குருவி ஓட்டிய பெண் அவள். பக்தருக்கு அது புராணம். நமக்கோ அதில் தெரிவது பயிர் காவலுக்கு நின்ற ஓர் உழைப்பாளிப் பெண். கதிர் முற்றும் நாளில் அவள் குருவியை ஓட்டினாள். கூண்டோடு கொல்லவில்லை. நம் பாட்டிமார்களும் தகரம் தட்டி ஓட்டினார்களே தவிர, குருவி வம்சத்தையே அழிக்க நினைத்ததில்லை.

காரணம் இருக்கிறது. கதிர் நேரத்தில் தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் குஞ்சு பொரித்த நாளில் அந்தக் குஞ்சுக்குத் தானியமா ஊட்டுகின்றன? புழுவையும் பூச்சியையும்தான் ஊட்டுகின்றன. முளைத்து வளரும் குஞ்சுக்கு மெத்தென்ற புழு வேண்டும். மைனா ஏர் போகும் சாலிலேயே பின்தொடர்ந்து மண்ணில் கிளம்பும் புழுவைப் பொறுக்குகிறது. கரிச்சான் மாட்டின் முதுகில் உட்கார்ந்து, கிளம்பும் பூச்சியைத் தாவிப் பிடிக்கிறது. தையல்சிட்டு இலையிடுக்கில் நுழைந்து தேடுகிறது. விடியற்காலையில் இனிமையாகச் சீட்டியடிக்கும் குண்டுகரிச்சானுக்கும் பூச்சிதான் ஆகாரம். கூலி கேட்காமல், போனஸ் கேட்காமல், வருஷம் முழுவதும் வேலை செய்யும் பட்டாளம் இது!

இதை அந்நியனும் தெரிந்துதான் வைத்திருந்தான். 1762-ல், மொரீஷியஸ் தீவில் கரும்பைத் தின்ற வெட்டுக்கிளியை ஒழிக்க, இந்தியாவிலிருந்து மைனாக்களைப் பிடித்துக் கப்பலில் கொண்டுபோனார்கள். உயிரைக் கொண்டு பூச்சியை அடக்கும் முறையின் பழைய உதாரணங்களில் ஒன்று அது. பிற்காலத்தில் அதே மொரீஷியஸின் கரும்புத் தோட்டத்துக்கு நம் தமிழ்நாட்டு ஜனங்களையும் கப்பலில் ஏற்றினார்கள். குருவி முதலில் போயிற்று; கூலியாள் பின்னால் போனான்!

நாம் நேசிக்கும் நாட்டிலும் பாடம் உண்டு. மக்கள் சீனத்தில் 1958-ல் எலி, ஈ, கொசு இவற்றோடு சிட்டுக்குருவியையும் நாசகாரப் பட்டியலில் சேர்த்து, தட்டும் தாரையுமாக ஓட்டி ஓட்டிக் கொன்றார்கள். குருவி குறைந்தது, பூச்சி பெருகியது. குருவியின் வயிற்றைக் கிழித்துப் பார்த்த விஞ்ஞானிகள் அது எவ்வளவு பூச்சி தின்கிறது என்பதைக் காட்டிய பிறகு, 1960-ல் பட்டியலிலிருந்து குருவியை நீக்கிவிட்டு மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள். மேலேயிருந்து உத்தரவு வந்துவிட்டால் மட்டும் விஞ்ஞானம் மாறிவிடாது. இதை யாருக்கும் பயப்படாமல் சொல்லலாம்.

டப்பாவுக்குள் என்ன?

இனி முதல் கேள்விக்கு வருவோம்.

உண்மையான உயிரி முறை என்று ஒன்று இருக்கிறது. அதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். கார்சன் அம்மையாரும் தம் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இந்த வழியைத்தான் காட்டினார். கோயம்புத்தூர் கரும்பு இனவிருத்தி நிலையத்தின் விஞ்ஞானிகள் இளங்குருத்துப் புழுவுக்கு நோய் உண்டாக்கும் ஒரு வைரஸைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். நட்ட 35-வது நாளும் 50-வது நாளும் அதைத் தெளிக்கச் சொல்லிச் சிபாரிசு இருக்கிறது. வேர்க்கடலையைத் தின்னும் புரோட்டீனியாப் புழுவுக்கும், துவரையைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவுக்கும் என்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறது. பி.டி. என்ற பாக்டீரியா இருக்கிறது. அது பல வகைப் புழுக்களின் குடலைப் புண்ணாக்கிக் கொல்லும். அதன் இன்னொரு வகை கொசுப்புழுவைக் கொல்லும். புதுச்சேரியில் இருக்கும் சர்க்கார் ஆராய்ச்சி மையம் அந்த வகையில் நம் நாட்டுக்கென்றே ஒன்றைத் தயாரித்துக் காட்டியது.

இவை எப்படி வேலை செய்கின்றன என்பதை ஒவ்வொரு தோழரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அதுவே மோசடியைக் கண்டுபிடிக்கும் வழி.

என்.பி.வி. வைரஸ் ஒரு மணி நேரத்தில் எதையும் கொல்லாது. புழு அந்த இலையைத் தின்ன வேண்டும். பிறகு நோய் பிடிக்க வேண்டும். நாலு நாளிலிருந்து ஏழு நாள் ஆகும். நோய் முற்றிய புழு செடியின் உச்சிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கிச் சாகும். உடம்பு உருகித் தண்ணீராகும். பி.டி. பாக்டீரியா பட்ட இலையைத் தின்ற புழு அன்றைக்கே தின்பதை நிறுத்திவிடும். ஆனாலும் சாக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இந்த வைரஸ் சிலந்தியைக் கொல்லாது, தேனீயைக் கொல்லாது, பொறிவண்டைக் கொல்லாது. தனக்கென்று உள்ள புழுவைத்தான் கொல்லும்.

அப்படியானால், “வைரஸ் மருந்து” என்று சொல்லி விற்ற ஒன்றைக் காலையில் அடித்தீர்கள். மத்தியானத்துக்குள் புழுவும் செத்தது, சிலந்தியும் செத்தது, தேனீயும் வரப்பில் விழுந்து கிடக்கிறது என்றால், அதற்கு அர்த்தம் என்ன? டப்பாவில் வைரஸ் மட்டும் இல்லை. ரசாயன விஷம் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். உயிரி மருந்து, வளர்ச்சி ஊக்கி என்ற பெயர்களில் ரசாயன விஷத்தைக் கலந்து விற்கும் போலி வியாபாரம் நம் நாட்டில் நடப்பது ஆராய்ச்சிக்கூடப் பரிசோதனைகளில் அம்பலமாகியிருக்கிறது. இது பகல் கொள்ளை மட்டுமல்ல, கொலைபாதகம். சிவப்பு முக்கோணம் போட்ட டப்பா என்றால் கூலியாள் பயந்து மூக்கில் துணியாவது கட்டுவான். பச்சை இலை படம் போட்ட டப்பாவுக்கு அவன் சட்டையைக்கூடப் போடுவதில்லை. விஷத்துக்குப் பச்சைச் சட்டை போட்டுவிடும் வியாபாரி, கூலியாளின் சட்டையைக் கழற்றிவிடுகிறான்!

விஷம் கலந்த புழு துடித்து விழுகிறது. தாய்க்குருவி சுலபமாகக் கிடைத்த இரையென்று கொத்திக்கொண்டு போய்க் குஞ்சுக்கு ஊட்டுகிறது. அதன் கதி என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. மோனோகுரோட்டோபாஸ் போன்ற விஷங்கள் பறவைக்கு எமன் என்பது உலகம் அறிந்த விஷயம்.

சட்டம் என்ன செய்கிறது? வைரஸும் பாக்டீரியாவும்கூடப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்ப் பதிவாக வேண்டும். பதிவு எண் இல்லாமல் விற்பது குற்றம். ஆனால் அதே சட்டத்தில் 9(3பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக அறிமுகமாகும் சரக்குக்கு, விவரம் திரட்டும் காலத்தில், இரண்டு வருஷத்துக்குத் தற்காலிகப் பதிவு கொடுக்கலாமாம். பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே பட்டம் கொடுக்கும் வேலை இது! யார் வயலில், யார் உடம்பில், எந்தக் குருவியின் கூட்டில் அந்தப் பரீட்சை நடக்கிறது என்று கேட்கிறோம்.

விஷம் இல்லை, ஆனால் இலை காலி

இரண்டாவது கேள்வி. சரக்கு அசலானது என்றே வைத்துக்கொள்வோம். குருவிக்குக் கெடுதலே இல்லையா?

நேராக விஷமாகாது என்பது உண்மை. அதை மறைக்க நமக்கு அவசியமில்லை. வைரஸ் பிடித்த புழுவைத் தின்ற குருவிக்கு ஒன்றும் ஆவதில்லை. அதுமட்டுமல்ல, 1970-களில் வேல்ஸ் நாட்டுக் காடுகளில் ஆராய்ந்தவர்கள் ஒரு விசித்திரம் கண்டார்கள். நோய்ப்புழுவைத் தின்ற பறவையின் எச்சத்தில் வைரஸ் சாகாமல் வெளியே வந்து, பறவை போன இடமெல்லாம் புழுவுக்கு நோயைப் பரப்பியது. அதாவது குருவியே தெளிப்பான்! நம் விவசாய இலாகாவும் வயலில் பறவை உட்காரக் குச்சி நட்டுவைக்கச் சொல்கிறது. வைரஸும் குருவியும் எதிரிகள் அல்ல, கூட்டாளிகள்.

ஆனால் கூட்டாளிக்கும் சோறு வேண்டும் அல்லவா? பந்தியில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டு, “நாங்கள் விஷம் வைக்கவில்லையே!” என்றால் வயிறு நிறையுமா?

பிரான்ஸ் நாட்டின் தெற்கே கமார்க் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. அங்கே 2006 முதல் கொசுவை ஒழிக்க பி.டி. வகைப் பாக்டீரியாவைப் பரவலாகத் தெளித்தார்கள். விஷமில்லாத, பாதுகாப்பான முறை என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கே வீட்டு இறவாரத்தில் மண்ணால் கூடு கட்டும் தகைவிலான் குருவிகளை விஞ்ஞானிகள் கணக்கெடுத்தார்கள். 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். தெளிக்காத இடத்தில் ஒரு கூட்டுக்குச் சராசரி 3.2 குஞ்சு தேறியது. தெளித்த இடத்தில் 2.3 குஞ்சுதான். ஒரு குருவியும் விஷத்தால் சாகவில்லை. கொசுவும், கொசுவைப் போன்ற சிறு பூச்சியும், அவற்றைத் தின்று வாழும் சிலந்தியும் தட்டானும் குறைந்துபோயின. தாய்க்குருவி பறக்கும் எறும்பைப் பிடித்துக்கொண்டு வந்து ஊட்டியது. அது போதவில்லை. மூன்று குஞ்சு வளர்ந்த கூட்டில் இரண்டு வளர்ந்தது. சத்தமில்லாமல் ஒன்று குறைந்தது.

அமெரிக்காவின் நியூஹாம்ஷயர் காட்டிலும் இதே கதை. பி.டி. தெளித்துப் புழுவைக் குறைத்துப் பார்த்தார்கள். ஒரு வகைப் பாடும் சிட்டு, கூடு கட்டும் முயற்சிகளையே குறைத்துக்கொண்டதை 1992-ல் எழுதினார்கள்.

பட்டினிச் சாவு எப்படி நடக்கும் என்று நம் ஜனங்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பட்டினியில் யாரும் ஒரே நாளில் விழுவதில்லை. குழந்தை இளைக்கும், அடுத்த குழந்தை தங்காது, குடும்பம் ஊரை விட்டுப் போகும். பிரேதப் பரிசோதனையில் “பட்டினி” என்று எந்தச் சர்க்காரும் எழுதியதில்லை. குருவி விஷயத்திலும் அப்படியே. வரப்பில் செத்த குருவி கிடைத்தால்தானே படம் எடுக்கலாம்! பிறக்காத குஞ்சை எப்படிப் படம் எடுப்பது? “ஒரு குருவியாவது செத்ததைக் காட்டு” என்று ஏஜெண்டு சவால் விடுவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் உயிரி முறையே வேண்டாம் என்கிறோமா? இல்லவே இல்லை. கமார்க்கில் நடந்தது பரந்த சதுப்பு முழுவதும் தெளித்த தெளிப்பு. சாக்கடையிலும் தொட்டியிலும் கொசுப்புழுவைக் கொல்ல அதே பாக்டீரியாவைப் போடுவது வேறு. ஒரு ஏரி முழுவதும் தெளிப்பது வேறு. புழு அளவு மீறிய வயலில் தெளிப்பது வேறு. புழு இருக்கிறதோ இல்லையோ, காலண்டரைப் பார்த்து ஊர் முழுக்க வரப்பும் வேலியும் சேர்த்துத் தெளிப்பது வேறு. முதலாவது விவசாயம். இரண்டாவது வியாபாரம். கம்பெனிக்கு வேண்டியது இரண்டாவது. பூச்சி குறைந்தால் அவனுக்கு நஷ்டம். தெளிப்பு குறைந்தால் அதைவிட நஷ்டம்!

யார் கையில் அதிகாரம்?

மூன்றாவது கேள்விதான் மூலக் கேள்வி.

இந்த முறையைச் சர்க்கார் விஞ்ஞானம் கையில் எடுத்தபோது என்ன நடந்தது, பாருங்கள். பழைய தலைமுறைக்குச் சப்பாத்திக்கள்ளி ஞாபகம் இருக்கும். காடு காடாக மண்டிய அந்தக் கள்ளியைத் தின்னும் செதில் பூச்சியை 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், கள்ளி அடங்கியது. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டியது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று வெள்ளையாக மூடிக்கொண்டு வந்தது. விஷம் அடித்து அடித்து விவசாயி ஓட்டாண்டியானான். 2010-ல் பெங்களூரில் உள்ள சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய குளவி வகைகள் மூன்றைத் தருவித்தது. அவற்றைப் பெருக்கி விட்டார்கள். மாவுப்பூச்சி படுத்தது. தெளிப்பு இல்லை, டப்பா இல்லை, ஏஜெண்டு கமிஷன் இல்லை. எந்தக் குருவியும் பட்டினி கிடக்கவில்லை.

கரும்பின் இடைக்கணுப் புழுவுக்கு டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டை அட்டை இருக்கிறது. நாலாவது மாதத்திலிருந்து 15 நாளைக்கு ஒரு தரம், ஆறு தடவை கட்டினால் போதும். சர்க்கரை ஆலைகளே இந்த ஒட்டுண்ணியை வளர்த்துக் கொடுக்க முடியும். நம் ராஜ்யத்தில் கொடுத்தும் இருக்கின்றன. என்.பி.வி. வைரஸுக்கோ கம்பெனியே வேண்டாம். தலைகீழாகத் தொங்கும் நோய்ப்புழுவைப் பொறுக்கி, அரைத்து, வடிகட்டி, வெல்லம் சேர்த்து, வெயில் தாழ்ந்த சாயங்காலத்தில் தெளிக்கலாம். வெயில் பட்டால் வைரஸ் செத்துவிடும்; அதனால்தான் சாயங்காலம். ஹெக்டேருக்கு 250 முதல் 500 புழு போதும். கிராமத்துக் கூட்டுறவுச் சங்கமே செய்யக்கூடிய வேலை!

இவ்வளவு எளிதாக, இவ்வளவு மலிவாக நடக்கக்கூடியதை ஏன் பெட்டியில் அடைத்து ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள்? ஜனங்கள் தாங்களே செய்துகொண்டால் லாபம் எங்கிருந்து வரும்? சூரியனுக்கு மீட்டர் வைக்க முடியாத முதலாளி, புழுவின் நோய்க்கு விலை வைக்கக் கற்றுக்கொண்டான்!

இப்போது டிரோன் வேறு வந்துவிட்டது. 2023 நவம்பரில் மத்திய சர்க்கார் 1,261 கோடி ரூபாயில் ஒரு திட்டம் போட்டு, 15,000 மகளிர் குழுக்களுக்கு டிரோன் கொடுப்பதாக அறிவித்தது. இயந்திரத்தை நாம் எதிர்க்கவில்லை. கூலியாளின் முதுகிலிருந்து விஷ டேங்க் இறங்கினால் நல்லதுதான். ஆனால் வேலை போகிறவனுக்கு மாற்று வேலை என்ன? மேலிருந்து தெளிக்கும் சரக்கு வரப்புக் கருவேலத்தில், பனையில், ஏரிக்கரைப் புதரில் இருக்கும் கூட்டின் மேல் விழாமல் தடுக்க ஏற்பாடு என்ன? காசர்கோட்டில் மேலிருந்து தெளித்ததன் பலனை அனுபவித்த நாடு இது. மறந்துவிட வேண்டாம்.

ஆலைத் தோழர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. திருவாலங்காட்டில் இருக்கும் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலையானாலும் சரி, வேறு எந்த ஆலையானாலும் சரி, புழு கரும்பைத் தின்றால் அரவைக்குக் கரும்பு குறைகிறது. அரவை நாள் குறைந்தால் பருவத் தொழிலாளியின் கூலி நாள் குறைகிறது. பூச்சியை அடக்குவது விவசாயியின் பிரச்னை மட்டுமல்ல. ஆலைத் தொழிலாளியின் பிரச்னையும்தான்.

இன்னொரு கூட்டம்

பட்டணத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. குருவிக்காகக் கண்ணீர் விடும் கனவான்கள். மார்ச் 20-ந் தேதி சிட்டுக்குருவி தினம் கொண்டாடி, பலகைக் கூடு விநியோகித்து, படம் எடுத்துக்கொள்கிறார்கள். “படிக்காத கிராமத்தான்தான் விஷம் அடித்துக் குருவியைக் கொல்கிறான்” என்று நம் தலையில் பழியும் போடுகிறார்கள்.

அந்த விஷத்தைக் கிராமத்தானா கண்டுபிடித்தான்? அவனா தொழிற்சாலை வைத்தான்? வாய்க்கு வந்தபடி விளம்பரம் செய்தது அவனா? செங்கல்பட்டு ஜில்லாவின் வேடந்தாங்கலில் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் யார்? ஊர் விவசாயிகள்! சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, வெள்ளைக்காரக் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798-லேயே பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை எந்தப் பட்டணத்துக் கனவானும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கிராமத்து உழைப்பாளி குருவியின் எதிரி அல்ல. இருவருக்கும் எதிரி ஒருவனே.

1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு. அந்தப் பக்கம் நகரியும் புத்தூரும் ஆந்திரம். குருவிக்கு அந்த எல்லை தெரியாது. விஷத்துக்கும் தெரியாது. கம்பெனி வேன் இரண்டு பக்கமும் ஓடுகிறது. நோட்டீஸைத் தமிழிலும் தெலுங்கிலும் அடிக்கிறான் முதலாளி. அப்படியிருக்க, இரு பக்கத்து விவசாயத் தொழிலாளிகளும் சேர்ந்து நின்று கேட்டால் என்ன தவறு?

நாம் கேட்பது

ஒன்று: உயிரி மருந்து, வளர்ச்சி ஊக்கி என்று விற்கும் எல்லாச் சரக்கையும் விவசாய இலாகா கடையிலிருந்தே மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். முடிவைப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் தமிழிலும் தெலுங்கிலும் ஒட்ட வேண்டும். கலப்படம் செய்தவனைச் சிறைக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டு: முட்டை அட்டையையும் வைரஸையும் ஆலைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் சர்க்கார் பண்ணைகளும் தயாரித்துச் சிறு விவசாயிக்கும் குத்தகைதாரனுக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

மூன்று: புழுவை எண்ணிப் பார்த்து, அளவு மீறினால்தான் தெளிப்பு. காலண்டர் தெளிப்பு கூடாது. வரப்பு, வேலி, பனை, ஏரிக்கரை ஆகியவற்றின் மேல் எந்தச் சரக்கும் படக் கூடாது.

நான்கு: 1971-ம் வருஷத்து விதிகளில் பாதுகாப்பு உடையும் மருத்துவப் பரிசோதனையும் எழுதியிருக்கின்றன. டப்பாவில் எந்தப் படம் போட்டிருந்தாலும், தெளிக்கும் கூலியாளுக்குக் கையுறை, முகமூடி, சோப்பு, தண்ணீர் தர வேண்டும். அவை இல்லாமல் தெளிப்பான் முதுகில் ஏறாது என்று சங்கம் தீர்மானம் போட வேண்டும்.

ஐந்து: விவசாயப் பல்கலைக்கழகமும், கோயம்புத்தூரில் சலீம் அலி பெயரால் அமைந்த பறவை ஆராய்ச்சி மையமும் இந்த வட்டாரத்துக் கிராமங்களில் கூட்டையும் குஞ்சையும் கணக்கெடுக்க வேண்டும். கூட இருந்து எண்ண நம் தோழர்கள் தயார். கமார்க்கில் எண்ண முடிந்தது. கரும்புத் தோட்டத்தில் முடியாதா?

இவற்றில் ஒன்றுகூட ஆகாயத்திலிருந்து விழாது. கிளைக் கூட்டத்தில் பேசுங்கள். களை பறிக்கும் பெண்களிடம் பேசுங்கள். எந்த வேலியில் எந்தக் கூடு இருக்கிறது என்று அவர்களைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. தெளிப்புக்குப் பிறகு மத்தியானத்துக்குள் தேனீ செத்தால் டப்பாவைப் பத்திரப்படுத்துங்கள். எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு சங்கத்தில் சொல்லுங்கள். டப்பாவைத் தூக்கி வாய்க்காலில் எறியாதீர்கள், அதுதான் சாட்சி.

உயிரைக் கொண்டு பூச்சியை அடக்கும் விஞ்ஞானம் உழைப்பாளி மக்களின் சொத்து. அதைக் கம்பெனியின் பெட்டிக்குள் பூட்ட விடக் கூடாது. அதன் பெயரால் விஷம் விற்க விடக் கூடாது. அதன் பெயரால் குருவிக் குஞ்சையும் கூலியாளின் குழந்தையையும் பட்டினி போடவும் விடக் கூடாது. ஒன்றுபட்டுக் கேட்போம், கிடைக்கும் வரை கேட்போம்!